டிஎம்டி 'நெகட்டிவ்': அந்த ஒரு வரியை எவ்வளவு நம்பலாம்?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜ்களில் இதயத்துக்கென்று ஈசிஜி, எக்கோவோடு சேர்ந்து வருவது டிஎம்டி எனும் டிரெட்மில் பரிசோதனை. படியேறினால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்பவர்களுக்கு இது நல்ல பரிசோதனை. மாரடைப்பு வராது என்பதற்குச் சான்றிதழாக வாங்குவதென்றால் வேண்டாம்.

நடக்க நடக்க இதயம் கூடுதல் ரத்தம் கேட்கும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுமார் 70 சதவீதம் சுருங்கியிருந்தால்தான் அந்தப் பற்றாக்குறை ஈசிஜியில் தெளிவாகத் தெரியும். ஈசிஜி கோட்டில் 'எஸ்டி' எனப்படும் பகுதி 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கும். மாரடைப்போ பல நேரம் 50 சதவீதம்கூட அடைக்காத கொழுப்புப் படிவிலிருந்தே கிளம்புகிறது. படிவின் மெல்லிய மூடி கிழிந்ததும் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அங்கே ஒட்டி, ரத்தம் உறைந்துவிடும். உறைகட்டி ரத்த ஓட்டத்தைக் குறைத்தாலும் தசை சாகவில்லை என்றால் அது நிலையற்ற ஆஞ்சினா எனும் நெஞ்சுவலி. தசை சாகத் தொடங்கி, அதிலிருந்து கசியும் ட்ரோபோனின் எனும் புரதம் ரத்தத்தில் உயர்ந்தால் மாரடைப்பு. டிஎம்டி அளப்பது சுருக்கத்தின் விளைவை. மூடி கிழியுமா என்பதை அல்ல.

பரிசோதனை நடக்கும் விதத்திலும் கவனம் வேண்டும். வழக்கமாகப் பின்பற்றும் புரூஸ் முறையில் டிரெட்மில் மணிக்கு 2.7 கி.மீ. வேகம், 10 சதவீத ஏற்றத்தில் தொடங்கி, 3 நிமிடத்துக்கொரு முறை இரண்டும் கூடும். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை இதயத்துடிப்பு தொட வேண்டும். 50 வயதுக்காரருக்கு ஏறத்தாழ 145. முட்டிவலியால் 120-லேயே இறங்கியவரின் ரிப்போர்ட்டில் 'நெகட்டிவ்' என்று எழுதுவது தவறு, அது முடிவு சொல்ல முடியாத பரிசோதனை. மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகளும் துடிப்பை ஏறவிடாது. அவற்றை நிறுத்தலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். பெண்களுக்கு அடைப்பே இல்லாமல் 'பாசிட்டிவ்' வருவதும் அதிகம்.

புதிதாகத் தொடங்கிய நெஞ்சுவலி, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வரும் வலி, முன்பைவிடக் குறைந்த வேலைக்கே வரும் வலி: இவற்றோடு டிஎம்டிக்கு அப்பாயின்ட்மென்ட் போடவே கூடாது. 108-ஐ அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். போய்ச் சேர்ந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். வலி தொடங்கியவுடன் எடுத்த ட்ரோபோனின் சரியாகவே இருக்கலாம். சில மணி நேரத்தில் மறுபடி பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பினால் ஏன் என்று கேளுங்கள்.

டிஎம்டி ரிப்போர்ட் வாங்கும்போது எட்டிய துடிப்பு, நடந்த நிமிடங்கள், நிறுத்திய காரணம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கவுன்டரிலேயே எழுதி வாங்குங்கள்.