"யூனிசெஃபுக்குப் பங்கு போகும்" என்று சொல்லி விற்ற இசைத்தட்டு: வாங்குமுன் இதைப் படியுங்கள்

பழைய எல்.பி. வாங்குகிற பழக்கம் உள்ளவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் 'தி கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்' மூன்று தட்டுப் பெட்டியை ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கினேன். 85 டாலர் போய்விட்டது. பணம் போனதைவிட, அவர் எதைச் சொல்லி அதை வாங்கினார் என்பதுதான் இன்னும் ஆறவில்லை.

இந்த ஆல்பத்தைக் கல்லூரி நாட்களில் நண்பன் அறையில் கேசட்டில் கேட்டிருக்கிறேன். இப்போது இருப்பது நியூ ஜெர்சியில். வேலைக்குத் தினமும் ரயிலில் நியூயார்க் பென் ஸ்டேஷனில் இறங்குகிறேன். அந்த ஸ்டேஷனுக்கு நேர் மேலேதான் மேடிசன் ஸ்கொயர் கார்டன். 1971 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றும் இரவு ஒன்றுமாக இரண்டு கச்சேரிகள் அங்கே நடந்தன. அவற்றின் பதிவுதான் இந்த ஆல்பம். இன்றைய பங்களாதேஷான கிழக்கு வங்கத்தில் 1970 நவம்பரில் அடித்த புயல், அப்புறம் போர், எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்த லட்சக்கணக்கான அகதிகள். சிதார் மேதை ரவிசங்கர் தன் நண்பர், பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனிடம் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். ரிங்கோ ஸ்டார், எரிக் கிளாப்டன், பில்லி பிரெஸ்டன், லியான் ரஸ்ஸல், பாப் டிலன் எல்லோரும் வந்து நின்றார்கள். டிக்கெட் வசூல் 2,43,418 டாலர் 50 சென்ட், ஐ.நா.வின் குழந்தைகள் நிதியமான யூனிசெஃபுக்குப் போனது. அந்தப் படிக்கட்டுகளில் ஏறும்போதெல்லாம், இதை முழுதாகத் தட்டில் கேட்க வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

விளம்பரத்தில் 'முதல் பதிப்பு, ஆப்பிள் லேபிள், நியர் மின்ட், புத்தகத்தோடு முழுமையானது' என்று இருந்தது. ஆப்பிள் என்பது பீட்டில்ஸின் இசைத்தட்டு நிறுவனம்; நியர் மின்ட் என்றால் கிட்டத்தட்டப் புதுசு. விலை 95 டாலர். கீழே ஒரு வரி: 'விற்பனைத் தொகையில் ஒரு பங்கு யூனிசெஃபுக்கு.' இருந்த இரண்டு படங்களும் பெட்டியின் வெளிப்புறம் மட்டும். எலும்பும் தோலுமான அந்தக் குழந்தையின் படம் நன்றாகவே தெரிந்தது. தட்டுகளின் படம் கேட்டேன். "இருபது வருடமாக விற்கிறேன், நம்புங்கள்" என்று பதில் வந்தது. அப்புறம் அவரே, தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் பிடிப்பார்கள், குழந்தைகளுக்குப் போவது குறைந்துவிடும், பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' வழியில் நேராக அனுப்பினால் 85 போதும் என்றார்.

அந்த வழியில் அனுப்பும் பணத்துக்கு, வாங்குபவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது. இது எனக்குத் தெரியும். வேறு எந்தத் தட்டாக இருந்தாலும் மறுத்திருப்பேன். குழந்தைகள் என்றதும், பத்து டாலருக்காகச் சந்தேகப்படுவதா என்று கூச்சப்பட்டு அனுப்பிவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்துப் பெட்டி வந்தது. மூலைகள் பிய்ந்து, டேப் ஒட்டி, அதன்மேல் மார்க்கர் பேனாவால் நிறம் தீட்டியிருந்தது. உள்ளே இருக்க வேண்டிய புத்தகம் 64 பக்கம். எண்ணிப் பார்த்தேன், 48தான் இருந்தது. நடுவிலிருந்த வண்ணப்படங்களை யாரோ கழற்றி எடுத்திருக்கிறார்கள், சட்டம் போட்டு மாட்டுவதற்காக இருக்கலாம். சரி, பாட்டாவது கேட்போம் என்று தட்டின் முதல் பக்கத்தைப் போட்டேன்.

முதல் பக்கம் முழுவதும் 'பங்ளா துன்'. ரவிசங்கர் சிதார், அலி அக்பர் கான் சரோட், அல்லா ரக்கா தபலா, கமலா சக்ரவர்த்தி தம்பூரா. தொடங்குமுன் சுருதி சேர்ப்பார்கள், அரங்கம் அதற்கே கைதட்டும். சுருதி சேர்ப்பதே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று ரவிசங்கர் சொல்வார். அதைக் கேட்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். ஊசி அங்கே போவதற்குள் தாவியது. தட்டை விளக்கின் கீழ் சாய்த்துப் பார்த்தால், விளிம்பிலிருந்து லேபிள் வரை நகம் மாட்டும் அளவுக்கு ஒரு கீறல். தட்டும் வளைந்திருந்தது. சரோடும் சிதாரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்ளும் இடம் வரும்போது, சுற்றுக்கு ஒரு 'டக்' வீதம் கேட்டுக்கொண்டே இருந்தது. நிறுத்திவிட்டேன்.

படங்களோடு எழுதினேன். தபாலில் உடைந்திருக்கும் என்றார். தபால்காரர் 16 பக்கங்களைக் கழற்றுவாரா என்று கேட்டேன். பதிலுக்கு, "தர்ம காரியத்துக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கிறீர்களே" என்று எழுதினார். அப்படியானால் யூனிசெஃப் ரசீதை அனுப்புங்கள் என்றேன். அதோடு பேச்சு நின்றது. தளத்தில் புகார் கொடுத்தேன், பணம் வெளியே போனதால் எதுவும் செய்ய முடியாது என்றார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பழைய தட்டு ஒன்று கைமாறும்போது, அந்த விலையில் ஒரு சென்ட் கூடத் தானாக யூனிசெஃபுக்குப் போகாது. அது விற்பவரின் பணம். விற்று லாபம் பார்ப்பதில் தவறே இல்லை, தர்மம் என்று சொல்லாத வரைக்கும். கொடுக்க நினைப்பவர்களுக்கு, ஹாரிசன் பெயரிலேயே யூனிசெஃபில் ஒரு நிதி இருக்கிறது, நேராக அதற்கே அனுப்பலாம். ஹாரிசனே இந்தப் பணத்துக்காகப் பட்ட பாடு கொஞ்சமில்லை. கச்சேரிக்கு முன்பே யூனிசெஃபோடு முறையாக ஏற்பாடு செய்யாததால், ஆல்பத்தில் வந்த பணத்தை அமெரிக்க வரித்துறை வருடக்கணக்கில் நிறுத்தி வைத்தது. பாடியவர்கள் சம்பளம் வாங்காமல் பாடினார்கள். அந்தப் பெயரை வைத்து ஒருவர் என்னிடம் பேரம் பேசியிருக்கிறார்.

வாங்குவதாக இருந்தால், மூன்று தட்டுகளின் ஆறு பக்கங்களையும் விளக்கொளியில் சாய்த்து எடுத்த படம் கேளுங்கள். முக்கியமாக முதல் பக்கம். புத்தகத்தின் நடுப்பக்கத்தை விரித்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பட்டியல் எண் எஸ்.டி.சி.எக்ஸ். 3385 இருக்கிறதா, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தில் என்ன பொறித்திருக்கிறது என்று கேளுங்கள். தட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். தளத்துக்கு வெளியே பணம் கேட்டால், காரணம் எதுவானாலும் அனுப்பாதீர்கள்.

என்னிடம் இருப்பதில் ஐந்தாவது பக்கம், டிலன் பாடும் ஐந்து பாட்டுகள், சுத்தமாகக் கேட்கிறது. முதல் பக்கம் நன்றாக உள்ள தட்டை மட்டும் தனியாகத் தர யாராவது இருந்தால் விலையோடு எழுதுங்கள். கூடவே விளக்கொளியில் எடுத்த படமும் வேண்டும்.