பேட்டரியை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்: ஒரு பழைய மாருதி 800 அனுபவம்

பழைய காரில் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்றால் நம் ஊரில் நடப்பது ஒன்றுதான். பேட்டரிக் கடைக்குப் போவோம், கடைக்காரர் மீட்டரை வைத்துப் பார்த்து "டவுன் ஆயிருச்சு" என்பார், புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுவோம். சில மாதம் ஓடும். மறுபடியும் அதே கதை வந்தால் "டைனமோ வீக்" என்பார்கள். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வந்து இத்தனை வருடம் ஆகியும் பட்டறைகளில் அதற்கு டைனமோ என்றுதான் பெயர். அதையும் மாற்றுவோம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடும் வயரையும் நாலைந்து இணைப்புகளையும் மட்டும் யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. பழைய வண்டியில் நான் முதலில் சந்தேகப்படுவது அந்த இடத்தைத்தான்.

என்னிடம் இருப்பது 1996 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. மாமா கையிலிருந்து எனக்கு வந்தது. அவர் அடுத்தடுத்துப் பேட்டரி மாற்றி அலுத்துப்போய், "நீயே வச்சுக்கோ மாப்ளே" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். வண்டி மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. 1983 டிசம்பரில் தொடங்கி 2014 வரை தயாரான கார் என்பதால் உதிரிபாகம் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது. சிக்கல் வயதிலும் ஊரிலும் இருக்கிறது. தூத்துக்குடியில் உப்புக்காற்று செம்பை விட்டுவைக்காது. வெளியே ரப்பர் உறை புதிதுபோல் பளபளக்கும், அரை அங்குலம் உரித்துப் பார்த்தால் உள்ளே கம்பி கறுத்துப்போய் இருக்கும்.

கோளாறு தன் முகத்தைக் காட்டியது ஐப்பசி மழையில். பகலில் வெறும் எஞ்சின் ஓடும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இரவில் ஹெட்லைட், வைப்பர், புளோயர் மூன்றும் ஓடி, ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்துகொண்டால் விளக்கு மங்கும். மறுநாள் காலை செல்ஃப் முனகும். பேட்டரி லைட் மட்டும் ஒருநாளும் எரிந்ததில்லை. அந்த லைட் எரியவில்லை என்பதற்காக சார்ஜ் சரியாக ஏறுகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆல்டர்னேட்டர் தன் அளவில் மின்சாரம் தயாரித்தால் போதும், அது அணைந்துவிடும். தயாரானது பேட்டரி வரை போய்ச் சேர்ந்ததா என்பது அதற்குத் தெரியாது.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தாலே போதும். முதலில் வண்டியை ஓட்டாமல் ஓர் இரவு விட்டு, பேட்டரியின் வோல்ட்டைப் பாருங்கள். 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி. அப்புறம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் 13.8-இலிருந்து 14.5-க்குள் வர வேண்டும். பெரும்பாலான பட்டறைகளில் சோதனை இத்தோடு முடிந்துவிடும். என் வண்டி இதில் தேறிவிட்டது, லோடு இல்லாமல், அதாவது விளக்கு, புளோயர் எதையும் போடாமல் பார்த்ததால்.

லோடு கொடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஹெட்லைட்டை ஹை பீமில் வைத்து, புளோயரை முழு வேகத்தில் விட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துப் பிடித்தால், ஆல்டர்னேட்டரிலேயே வைத்துப் பார்க்கும்போது 14.3. அதே நேரத்தில் பேட்டரி முனைகளில் 13.0 மட்டும். நடுவில் 1.3 வோல்ட் காணவில்லை.

எங்கே போனது என்று கண்டுபிடிப்பதும் சுலபம். மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டர் பின்னால் 'பி' என்று பொறித்த போல்ட்டில் வையுங்கள், கறுப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவில் வையுங்கள். லோடு போட்டபடியே பார்த்தால் 0.3-க்கு மேல் காட்டக்கூடாது. எனக்கு 0.9 காட்டியது. அடுத்து ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் பார்த்தேன். 0.2-க்குள் இருக்க வேண்டியது 0.4 இருந்தது. ஆக, போகும் வழி, திரும்பும் வழி இரண்டிலும் இழப்பு. 20 ஆம்பியர் ஓடும் இணைப்பில் 0.9 வோல்ட் விழுந்தால் 18 வாட் அங்கேயே சூடாகிறது. ஒரு சின்ன சால்டரிங் அயனை பானெட்டுக்குள் எரியவிட்ட மாதிரிதான்.

குற்றவாளி, பேட்டரிப் பக்கம் பிரதான ஃபியூஸ் இணைப்புக்குப் போகும் தம்பிள், அதாவது வயர் முனையில் அழுத்திய உலோக வளையம். கையால் தொட்டால் சுட்டது. வயரைப் பின்னோக்கி வெட்டிக்கொண்டே போனேன். சிவந்த செம்பு கண்ணில் படவே இல்லை. அந்த வயரை முழுதாக எடுத்துவிட்டு 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டு, முனைகளில் புதுத் தம்பிள் அழுத்தி, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றியாயிற்று. சால்டர் வைக்கலாமே என்று கேட்பார்கள். ஈயம் ஊறிய இடத்தில் கம்பி விறைத்துப்போகும், எஞ்சின் அதிர்வில் அந்த ஓரத்திலேயே ஒடியும். தம்பிளை நன்றாக அழுத்திப் பிடிக்கவைக்கும் கிரிம்ப் போதும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பிரதான ஃபியூஸ் தொல்லை செய்கிறது என்று அதைத் தூக்கிவிட்டு நேராக வயர் இழுப்பது. ஷார்ட் ஆனால் வண்டி தீப்பிடித்துவிடும்.

கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் பக்கம் இன்னும் சுவாரசியம். பேட்டரி நெகட்டிவிலிருந்து கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் வயர் போகிறது. பாடியில் அது உட்காரும் இடத்தில் பெயிண்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருந்தது. உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, போல்ட்டை முறுக்கியபின் மேலே வாசலின் தடவினேன். வாசலினை முதலில் தடவிவிட்டு முறுக்குவது என் வழக்கமில்லை. எஞ்சின் எர்த் கெட்டால் இன்னொரு வேடிக்கை நடக்கும். செல்ஃப் இழுக்கும் பெரிய கரண்ட் வேறு வழி தேடி கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். செல்ஃப் அடிக்கும்போது கேபிள் சூடானால், புகைந்தால் கேபிளை மாற்றிப் பயனில்லை, எர்த்தைப் பாருங்கள்.

இவ்வளவும் செய்தபின் அதே லோடில் பேட்டரியில் 14.1 வந்தது. ஆல்டர்னேட்டரைத் தொடவே இல்லை.

அதன்பிறகு பல வருடம் தொந்தரவில்லை. அடுத்து வந்தது வேறு மாதிரி. ரேடியோவில் எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப 'உய்ய்ங்' என்று ஒரு சத்தம், அதோடு இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடும். நிறுத்திய வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க, நெகட்டிவ் வயரைக் கழற்றி நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. எனக்கு அரை ஆம்பியர் இருந்தது. இந்த வண்டியின் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர் (ஆம்பியர்-மணி), அரை ஆம்பியர் கணக்கில் 70 மணி நேரத்தில் மொத்தமும் காலி. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கியும் குறையவில்லை. ஆல்டர்னேட்டரின் 'பி' வயரைக் கழற்றியதும் பூஜ்யம். ஆல்டர்னேட்டருக்குள் ஏசி-யை டிசி-யாக மாற்றும் டயோடு கசிகிறது.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஏசி வோல்ட் பார்த்தாலும் இது தெரியும். அரை வோல்ட்டைத் தாண்டினால் டயோடைச் சந்தேகிக்கலாம். ஆனால் மலிவான மீட்டர் சிலது ஏசி அளவில் டிசி-யையும் சேர்த்துக் குழப்பும். எஞ்சினை அணைத்துவிட்டு அதே அளவில் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 25-க்கு மேல் ஏதோ காட்டினால் அந்த மீட்டர் இந்தச் சோதனைக்கு ஆகாது.

டயோடு பிளேட் மாற்ற, ஊரில் பல காலமாக ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருக்கும் ஒருவரிடம் போனேன். பிளேட், கார்பன் பிரஷ், இரண்டு பேரிங் எல்லாம் ஒரே நேரத்தில் போட்டுவிட்டோம். எப்படியும் பிரிக்கிறார்கள், கூலி ஒன்றுதான். அங்கே வேறொரு வண்டியில், ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கத் தயாரானான் ஒரு பையன். வண்டி நிற்காவிட்டால் டைனமோ நல்லா இருக்கு என்று அர்த்தமாம். "அது அந்தக் காலத்து வேலை தம்பி, இதுல செஞ்சா ஐசி போயிரும்" என்று தடுத்தார் அண்ணாச்சி. அவர் சொன்னதுதான் சரி. பேட்டரி சட்டென விலகினால் வோல்ட் ஒரு கணம் பல மடங்கு எகிறும், வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரும் (அவர் சொன்ன ஐசி அதுதான்) டயோடும் தாங்காது.

நண்பர் ஒருவரின் அம்பாசடரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டேஷ்போர்டு பல்புகளை எல்லாம் எல்இடி-யாக மாற்றினார். அதிலிருந்து ஸ்டார்ட் செய்ததும் சார்ஜ் ஆகாது, ஒருமுறை நன்றாக உறுமவிட்டால்தான் ஆகும். அவருடையது ஒன்பது டயோடு ஆல்டர்னேட்டர். அந்த வகையில், உள்ளிருக்கும் காயிலைத் தட்டி எழுப்பும் முதல் கரண்ட் பேட்டரி லைட் பல்பு வழியாகத்தான் போகிறது. 2.2 வாட் பல்பு ஏறக்குறைய 0.18 ஆம்பியர் விடும், எல்இடி அதில் பத்தில் ஒரு பங்குகூட விடாது. பழைய பல்பையே திரும்பப் போட்டதும் சரியானது. எல்இடி-தான் வேண்டுமென்றால் அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட வேண்டும். என் 800-இல் இந்த வேலைக்குத் தனியாக ஒரு இக்னிஷன் வயர் வருகிறது. சார்ஜே இல்லாத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அந்த வயருக்கான ஃபியூஸ்.

ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் போல இறங்க வேண்டும். கிறீச் சத்தம் வருகிறது என்று வெறி கொண்டு இறுக்கினால் பேரிங்கும் வாட்டர் பம்ப்பும் சேர்ந்து போகும்.

வோல்ட் 15-ஐத் தாண்டினால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ரெகுலேட்டர் கெட்டிருக்கலாம், பேட்டரி கொதித்து ஆசிட் வழியும், பல்புகள் வரிசையாகப் போகும். ஆனால் இந்த எண்களைப் புது வண்டிகளுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள். பல புது வண்டிகளில் கம்ப்யூட்டர்தான் வோல்ட்டை ஏற்றி இறக்குகிறது.

பெரிய ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். 60 வாட் ஹெட்லைட் இரண்டு சேர்ந்தாலே ஏறத்தாழ 10 ஆம்பியர்தான். கம்பெனி போட்ட லோடுக்குக் கம்பெனி கொடுத்த ஆல்டர்னேட்டரே போதும். ஆம்ப்ளிஃபயர், கூடுதல் விளக்கு என்று ஏற்றியிருந்தால் யோசிக்கலாம். அப்போதும் முதலில் 'பி' வயரையும் எர்த்தையும் அதற்கேற்பத் தடியாக்குங்கள். ஹெட்லைட்டுக்கு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேர் வயர் கொடுத்தால் போதும் என்பது என் கருத்து. என் வண்டியில் பல்பு முனையில் 11.8 ஆக இருந்தது அப்படிச் செய்ததில் 13.3 ஆனது, இரவில் திருநெல்வேலி ரோட்டில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.