நனையாத வரை அது சரக்கு: ஜிப்சம் போர்டுக் கழிவும் மூன்று மழைக்காலமும்

ஆறுக்கு நாலு அடி ஜிப்சம் போர்டு ஒன்று 24 சதுர அடி. ஆயிரம் சதுர அடி ஃபால்ஸ் சீலிங்குக்கு 42 போர்டு வேண்டும். வெட்டில் பத்து சதவீதம் போகும் என்று வைத்தால் நாலு போர்டு. 12.5 மி.மீ. போர்டு ஒன்றின் எடை 18 முதல் 20 கிலோ. ஆக ஒரு வீட்டில் 75, 80 கிலோ கழிவு. மாதம் பத்து சைட் பார்க்கும் காண்ட்ராக்டருக்கு முக்கால் டன் சேரும். பழைய சீலிங்கை இறக்கிவிட்டுப் புதிதாகப் போடும் ஜவுளிக்கடை, கிளினிக் வேலை என்றால் அந்த முக்கால் டன் ஒரே நாளில் தரையில் கிடக்கும்.

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சரி, புதுச்சேரி நெல்லித்தோப்பிலும் சரி, அதைச் செங்கல் ரப்பிஷோடு சேர்த்து டிப்பரில் ஏற்றுவதுதான் வழக்கம். அப்படி ஏற்றாமல், வெட்டும் இடத்திலேயே பிரித்து, நனையாமல் வைத்து, சேர்த்து அனுப்பும் முறை மூன்று வடகிழக்குப் பருவமழையை எப்படித் தாங்கியது என்பதுதான் இந்தப் பகிர்வு.

முதலில் ஏன் கலக்கக் கூடாது என்பது. ஜிப்சம் என்பது கால்சியம் சல்ஃபேட். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீர். வெளித்தண்ணீரிலும் கொஞ்சம் கரையும், லிட்டருக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேல். மட்கும் குப்பையோடு காற்றுப் புகாத ஈரத்தில் புதைந்தால், காற்றுக்குப் பதில் சல்ஃபேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியா அதை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். போர்டின் காகிதமே அந்த பாக்டீரியாவுக்குத் தீனி. காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆபத்து அங்கேதான். பாழுங்கிணற்றிலோ குழியிலோ கொட்டி மூடிவிட்டு, ஒரு மழைக்காலம் கழித்து ஆளை இறக்குவது உயிரோடு விளையாடுவது. இங்கிலாந்தில் 2009 முதல் மட்கும் குப்பை சேரும் நிலநிரப்புக் கிடங்கில் ஜிப்சத்தைப் போடவே கூடாது.

இன்னொரு கெட்ட பழக்கம், கடைக்கால் நிரப்ப இந்த ரப்பிஷைப் போட்டு மேலே கான்கிரீட் ஊற்றுவது. ஈரத்தில் கரையும் சல்ஃபேட், சிமென்ட்டில் உள்ள அலுமினேட்டோடு சேர்ந்து எட்ரிங்கைட் என்ற படிகமாகிப் பருக்கும். தரை உப்பி விரியும். ‘நல்ல வெள்ளை மண்ணு, கெட்டியா நிக்கும்’ என்று மேஸ்திரி சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டு மழை போனால் தெரியும்.

பிரிப்பதில் தடுமாறுவது எங்கே என்றால், வெள்ளையாக இருப்பதெல்லாம் ஜிப்சம் இல்லை. கால்சியம் சிலிகேட் போர்டும் சிமென்ட் ஃபைபர் போர்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். உடைந்த விளிம்பை நகத்தால் கீறினால் ஜிப்சம் மாவாக உதிரும், மற்றவை உதிராது. இந்தச் சோதனையை வெட்டுகிற பையனுக்கே சொல்லிக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வழக்கமாகப் பச்சைக் காகிதத்தில் வருவது ஈரம் தாங்கும் போர்டு. சிலிக்கோனோ மெழுகோ சேர்ந்திருக்கும். இளஞ்சிவப்பு, தீ தாங்குவது. உள்ளே கண்ணாடி இழை. இவை இரண்டையும் வயலுக்குப் போகும் பையில் (அந்த வழி கீழே வருகிறது) போடக் கூடாது. ரொம்பத் தலைவலி தருவது இரண்டுக்கு இரண்டு அடி பிவிசி ஒட்டிய டைல்தான். முன்பக்கம் பிளாஸ்டிக், பின்பக்கம் அலுமினியத் தாள். கையால் உரிக்கக் கூலி கட்டாது. முழுசாகக் கழற்றி மறுபடி மாட்டுவது ஒன்றே அதற்கு வழி. கிரிட்டில், அதாவது உலோகச் சட்டத்தில், சும்மா உட்கார்ந்திருக்கும் டைல், பொறுமையாக எடுத்தால் பத்தில் எட்டு உடையாமல் வரும்.

சாக்கு விஷயம். சிமென்ட் சாக்கு சரிப்படவில்லை: போர்டின் முனை கிழித்துவிடும், ஒட்டியிருக்கும் சிமென்ட் ஜிப்சத்தோடு கலக்கும். ஜம்போ பைதான் நின்றது. ஒரு டன் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் உடைத்த போர்டு 350 கிலோவுக்கு மேல் கொள்ளாது, நடுவில் அவ்வளவு இடைவெளி விழும். துண்டுகளைப் படுக்கையாக அடுக்கினால் அதே பையில் இன்னும் ஏறும். குட்டி யானையில் ஒரு நடை மிச்சம். ஒரு அடிக்கு மேல் அகலமுள்ள துண்டை பையில் போடவே கூடாது. கோவ் லைட் பெட்டி, ஏசி மூடி, பீம் ஓரம் என்று அடுத்த சைட்டில் அதற்கு வேலை இருக்கும். அந்தத் துண்டுகளை அகலம் எழுதி நிற்க வைத்தால் எடுப்பார்கள். குவித்து வைத்தால் எவரும் தேட மாட்டார்கள், புதுப் போர்டைத்தான் வெட்டுவார்கள்.

நீலத் தார்ப்பாய் இந்தக் கடற்கரை வெயிலுக்கும் காற்றுக்கும் ஆகாது. சித்திரையில் கட்டியது ஐப்பசிக்குள் நார் நாராகும், அதாவது மழை வருகிற நேரத்துக்குச் சரியாகக் கைவிடும். 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்) சில்பாலின் என்ற பல அடுக்கு பிளாஸ்டிக் விரிப்பு இரண்டு பருவம் தாண்டியது. அதைவிட முக்கியம், பை தரையில் படக் கூடாது. மரப் பேலட்டின் மேல், தரையிலிருந்து அரையடியாவது உயரம் வேண்டும். மேலே மூடியதை எல்லோரும் பார்ப்பார்கள். கீழிருந்து ஏறும் ஈரத்தை யாரும் பார்ப்பதில்லை.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது அரையடிப் பேலட்டும் பல இடங்களில் போதவில்லை. நனைந்த போர்டு எடை கூடும், காகிதத்தில் கரும்பூஞ்சணம் பிடிக்கும், அரைத்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும். வெயிலில் பிரித்துப் போட்டு இரண்டு நாளில் காய்ந்தால் தப்பிக்கும். பூஞ்சணம் பிடித்தால் அது சரக்கு இல்லை, குப்பை. ஐப்பசி பிறக்குமுன் இருப்பைக் காலி செய்வதே நல்லது.

எங்கே அனுப்புவது? மூன்று வழி. முதலாவது, போர்டு தயாரிக்கும் ஆலைக்கே திரும்பக் கொடுப்பது. ஜிப்சத்தை எத்தனை முறை சுட்டாலும் திரும்ப போர்டாகும். ஆனால் சுத்தமான புதுத் துண்டுதான் வாங்குவார்கள். போர்டு இறக்க வரும் லாரி வெறுமனே திரும்பும்போது ஏற்றினால்தான் வாடகை கட்டும், இதை டீலரிடம் ஆர்டர் கொடுக்கும்போதே பேச வேண்டும். இரண்டாவது, அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலைகள். சூளையில் வெந்து வரும் கிளிங்கர் கட்டியை அரைக்கும்போது நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு ஜிப்சம் சேர்ப்பார்கள், சிமென்ட் சட்டென்று இறுகாமல் இருக்க. அங்கே ஜம்போ பை கணக்கில் போனால் வாசலிலேயே நிறுத்துவார்கள். நாலைந்து காண்ட்ராக்டர் சேர்ந்து லாரி லோடாக, காகிதமும் ஸ்க்ரூவும் இல்லாமல் அனுப்ப வேண்டும்.

மூன்றாவதுதான் இந்த மாவட்டத்துக்கே பொருந்துவது: மல்லாட்டை. விருத்தாசலம், பண்ருட்டி வட்டாரத்துக் கொல்லைகளில் நிலக்கடலைக்கு ஜிப்சம் இடுவது புதிதல்ல. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை எக்டேருக்கு 400 கிலோ, விதைத்த 40, 45ஆம் நாள் மண் அணைக்கும்போது. காய் தனக்கு வேண்டிய கால்சியத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே நேராக எடுக்கும், அதனால்தான் அந்த நாள் கணக்கு. ஏக்கருக்கு 160 கிலோ. இரண்டு வீட்டுச் சீலிங்கின் வெட்டுத்துண்டு. சாதாரண வெள்ளைப் போர்டின் பெயின்ட் படாத புதுத்துண்டு மட்டுமே போகலாம். இடித்தெடுத்ததில் பட்டிப் பூச்சு, பெயின்ட், பழைய பசை எல்லாம் இருக்கும். உரம் என்று சொல்லி விற்கவும் கூடாது, அதற்கு உரிமம் வேறு.

அரைப்பது சிரமமில்லை. காய்ந்த துண்டைச் சுத்தியல் மில்லில் விட்டால் ஜிப்சம் தூளாகும், காகிதம் நாராகத் தங்கும், 4 மி.மீ. சல்லடை இரண்டையும் பிரிக்கும். மில்லுக்கு முன் காந்தம் வைக்காவிட்டால் 25 மி.மீ. ஸ்க்ரூ ஒன்று சல்லடையைக் கிழித்துவிடும். என்95 முகமூடி கட்டாயம். இந்தத் தூளைத் தண்ணீரில் குழைத்தால் பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) போல இறுகும் என்று நினைப்பவர்கள் உண்டு. இறுகாது. 120 டிகிரிக்கு மேல் சீராகச் சுட்டால்தான் பிஓபி. வாணலியில் வறுத்தது ஒரு பக்கம் வெந்தும் ஒரு பக்கம் வேகாமலும் கிடக்கும்.

சட்டப்படி பார்த்தால் 2016 கட்டடக் கழிவு விதிகளில் நாளுக்கு 20 டன், அல்லது ஒரு திட்டத்தில் மாதத்துக்கு 300 டன் கழிவு வந்தால்தான் பிரித்துத் திட்டம் கொடுக்கும் கட்டாயம் இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதலான புது விதிகளில் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குத்தான், கழிவுக்கு அதை உண்டாக்கியவரே பொறுப்பு என்ற கட்டாயம். சீலிங் காண்ட்ராக்டர் இந்த இரண்டு வரம்பிலும் சிக்க மாட்டார், அதனாலேயே யாரும் கேட்பதுமில்லை. ஆனால் கடலூர்-புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாறும்: அந்தப் பக்கம் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமம், இந்தப் பக்கம் தமிழ்நாடு வாரியம். வண்டியில் எடை, எங்கிருந்து, எங்கே, யார் வாங்குகிறார் என்று எழுதிய சலான் ஒன்று இருக்கட்டும். ‘ஜிப்சம் வெட்டுத்துண்டு’ என்றே எழுதுங்கள். ‘ரப்பிஷ்’ என்று எழுதினால் குப்பை வண்டியாகத்தான் நிறுத்துவார்கள்.