15 குதிரை எஞ்சின்: புதுச் சீன டூ ஸ்ட்ரோக்கா, பழைய ஜப்பானா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

18 அடி பைபர் படகு ஒன்று இருக்கிறது, அதற்கு 15 குதிரை எஞ்சின் வேண்டும். இலங்கையின் வடக்கில் பேசாலையோ, நாச்சிக்குடாவோ, அளம்பிலோ, கொக்கிளாயோ, எந்தக் கரையில் வாங்கப் போகிறவருக்கும் இன்று மூன்று வழி இருக்கிறது. புதிதாக வந்திறங்கும் சீன டூ ஸ்ட்ரோக் ஒன்று. ஜப்பான் டூ ஸ்ட்ரோக், அதுவும் பெரும்பாலும் கை மாறியது, இன்னொன்று. மூன்றாவது, புதிய ஃபோர் ஸ்ட்ரோக். பிஸ்டனின் இரண்டு அசைவுக்கு ஒரு முறை எரிபொருளை எரிப்பது டூ ஸ்ட்ரோக், நான்கு அசைவுக்கு ஒரு முறை எரிப்பது ஃபோர் ஸ்ட்ரோக். டூ ஸ்ட்ரோக்கில் பெற்றோலில் மட்டும் ஓடுவதும் உண்டு, மண்ணெண்ணெயில் ஓடுவதும் உண்டு; ஃபோர் ஸ்ட்ரோக் பெற்றோலில்தான் ஓடும். கையில் இருக்கும் காசை மட்டும் பார்த்தால் சீன எஞ்சின் பக்கம்தான் மனம் போகும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெற்றோலில் மட்டும் ஓடும் மலிவு டூ ஸ்ட்ரோக்கை நம் கரையில் யாரும் வாங்கக் கூடாது. மற்றவற்றில் எது சரி என்பது தொழிலைப் பொறுத்தது.

இந்த டூ ஸ்ட்ரோக் நம் பக்கம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரண காபரேற்றர் (எரிபொருளையும் காற்றையும் கலக்கும் பாகம்) டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் புதுக் கலவை உள்ளே வரும்போதே புகைவாயிலும் திறந்திருக்கிறது. அதனால் ஊற்றும் எண்ணெயில், அதாவது எரிபொருளில், கால்வாசி, சில வேளை முப்பது வீதம் வரை, எரியாமலே கடலுக்குள் போகிறது. அமெரிக்கா 1996 இல் சட்டம் போட்டு, 1998 ஆம் ஆண்டு மாடலிலிருந்து படிப்படியாக எஞ்சின் புகைக்கான அளவை இறுக்கியது. ஐரோப்பாவில் 2007 இல் டூ ஸ்ட்ரோக்குக்கும் அளவு வந்தது. அவுஸ்திரேலியா 2018 ஜூலையில் இந்த வகை எஞ்சினின் இறக்குமதியையும், அடுத்த ஜூலையில் விற்பனையையும் நிறுத்தியது. அந்தச் சந்தைகள் மூடியதும் ஆசியாவும் ஆபிரிக்காவும் தென்னமெரிக்காவும்தான் மிச்சம். ஜப்பான் கம்பனிகளும் இந்த நாடுகளுக்கென்றே பழைய டூ ஸ்ட்ரோக்கைத் தொடர்ந்து செய்கின்றன. எனவே ‘அங்கே தடை செய்த சாமான்’ என்பதற்காக எஞ்சின் கூடாது என்று சொல்ல மாட்டேன். அது குடிக்கும் எண்ணெய்தான் பிரச்சினை.

கணக்குப் பார்ப்போம். ஒரு நாள் தொழிலுக்கு டூ ஸ்ட்ரோக் 10 லீற்றர் குடிக்கிறது என்று வையுங்கள். அதே ஓட்டத்துக்கு ஃபோர் ஸ்ட்ரோக் மூன்றில் ஒரு பங்கு குறைவாக, ஏறக்குறைய 6.7 லீற்றர் குடிக்கும். 2021 முடிவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய், 92 ஒக்டேன் பெற்றோல் 177 ரூபாய். அப்போது மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு 870 ரூபாய், ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு 1,186 ரூபாய். யாரும் யோசிக்கத் தேவையிருக்கவில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ஆனது, பெற்றோல் 450 இல் நின்றது. கணக்கு அப்படியே தலைகீழானது: 3,400 ரூபாய்க்கு எதிராக 3,015 ரூபாய். அந்த மாதங்களில் எத்தனை படகு கரையிலேயே கிடந்தது என்பது கரையில் இருந்தவர்களுக்கு மறக்காது. 2025 நடுப்பகுதியில் மண்ணெண்ணெய் 185, பெற்றோல் 305. அப்போது 1,850 ரூபாயும் 2,043 ரூபாயும். மண்ணெண்ணெய் மறுபடி முன்னுக்கு வந்தாலும், டூ ஸ்ட்ரோக்கில் மசகாக எண்ணெயோடு கலக்கும் 2டி ஒயிலின் காசையும் சேர்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. பெற்றோல் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே மண்ணெண்ணெய் நிற்கும் வரைக்கும் மண்ணெண்ணெய் டூ ஸ்ட்ரோக் தாங்கும். அதைத் தாண்டினால் ஃபோர் ஸ்ட்ரோக் வெல்லும். பெற்றோல் டூ ஸ்ட்ரோக் மட்டும் எந்த விலையிலும் வெல்லாது. 2025 விலையில் அதற்கு அதே 10 லீற்றருக்கு 3,050 ரூபாய், ஒயில் வேறு. ஃபோர் ஸ்ட்ரோக்கை விட ஒவ்வொரு நாளும் ஆயிரம் ரூபாய் கூடப் போகிறது. மாதம் இருபது நாள் தொழில் என்றால் வருடத்துக்கு இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். வாங்கும்போது மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை.

‘பெற்றோல் எஞ்சினிலேயே மண்ணெண்ணெய் ஊற்றினால் சரிதானே’ என்பார்கள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய சனம் நாங்கள். அதனால் இந்த எண்ணம் வருவது இயல்புதான். ஆனால் கடலுக்கென்று செய்த மண்ணெண்ணெய் எஞ்சினில் அமுக்கமே குறைவு, ஹெட்டிலிருந்து காபரேற்றர் வரை அதற்கேற்றபடி செய்திருப்பார்கள். பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் போட்டு முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓடினால் உள்ளே தட்டல் எடுக்கும், பிஸ்டன் சூடாகிப் பிடிக்கும். மோட்டார் சைக்கிள் நின்றால் உருட்டிக்கொண்டு வரலாம். சோளகக் காற்றில், மன்னார்க் கடலில் எஞ்சின் பிடித்தால் என்ன செய்வது? சரியான மண்ணெண்ணெய் எஞ்சினிலும் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து சூடான பிறகுதான் மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றிக் காபரேற்றரைக் கழுவ வேண்டும். இதைச் செய்யாதவரின் எஞ்சின்தான் மறுநாள் விடியப்புறம் கயிறு இழுத்து இழுத்துக் கை நோக வைக்கும்.

சீன எஞ்சின் எல்லாம் ஒன்றல்ல. யமஹாவின் பழைய 15 குதிரை எஞ்சினை, அதே 246 சி.சி.யில், அப்படியே பார்த்துச் செய்தவை இருக்கின்றன. அவற்றின் வோட்டர் பம்ப் இம்பெலர், காஸ்கற், பிளக் போன்றவற்றில் பல யமஹாவினதோடு ஒத்துப்போகும். அவசரத்துக்குச் சாமான் கிடைக்கும், திருத்தத் தெரிந்த கையும் கிடைக்கும். வாங்குவதானால் இந்த இனம்தான். யாரையும் பார்த்துச் செய்யாத, பெயர் மட்டும் பெரிதான எஞ்சின்களும் வருகின்றன. இன்னொரு வகையில் குதிரைவலுவையே கூட்டிப் போடுகிறார்கள். தொஹாட்சு 169 சி.சி. எஞ்சினை 9.8 குதிரை என்றுதான் விற்றது. அதே 169 சி.சி. மூடியில் 12 என்று ஒட்டி வந்தால் நம்பாதீர்கள். மூடியில் உள்ள இலக்கத்தை விட்டுவிட்டு சி.சி.யைக் கேளுங்கள்.

கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். மூடியைக் கழற்றி, வெளியே தெரியும் ஆணிகளில், படகின் பின்பலகையில் இறுக்கும் திருகில், காபரேற்றர் பக்கத்து நட்டுகளில் வைத்துப் பாருங்கள். உப்புக்குத் தாங்கும் நல்ல ஸ்டெயின்லெஸ் காந்தத்தை அவ்வளவாகப் பிடிக்காது. இறுகப் பிடித்தால் பூச்சு அடித்த சாதாரண இரும்பாக இருக்கலாம். ஒரு வாடைக் காலம் போனதும் அந்த நட்டைக் கழற்றப் போனால் தலை உருண்டு வரும். அடியில், புரொப்பெலருக்கு மேலே, எஞ்சினுக்குப் பதிலாக உப்பில் தான் அரிபடும் துத்தநாகக் கட்டி இருக்கிறதா, அதற்குப் பெயின்ற் அடித்து மூடியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பெயின்ற் அடித்த துத்தநாகம் வேலை செய்யாது. தண்டின் நீளத்தையும் அளந்துவிடுங்கள்: 15 அங்குலம் என்றால் குட்டை, 20 என்றால் நீளம். இணையத்தில் மலிவாக வருவது அநேகமாகக் குட்டை. உயரமான பின்பலகையில் அதை ஏற்றினால் அலையில் புரொப்பெலர் காற்றைத்தான் சுற்றும்.

பழைய ஜப்பான் எஞ்சினைப் பற்றிக் கரையில் ஒருவருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. மீள்குடியேற்றத்தின்போது உதவியாகக் கிடைத்தவை இன்றும் ஓடுகின்றன என்றால் அதன் தரம் அது. ஆனால் அவை பத்துப் பதினைந்து வருடம் உப்பில் கிடந்தவை என்பதையும் நினைக்க வேண்டும். இரண்டு சிலிண்டரிலும் அமுக்கத்தை அளந்து பார்த்து, இரண்டும் ஒத்து நின்றால் வாங்கலாம். ஒன்று நன்றாக விழுந்திருந்தால், விற்பவர் சொந்தக்காரர் என்றாலும் வேண்டாம்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பிவைக்கும் எஞ்சினும் அடிக்கடி பேச்சில் வருகிறது. சுவிஸில் இருக்கும் மச்சான், ‘இங்கே சும்மா கிடக்குது, அனுப்பிவிடட்டா?’ என்பார். சும்மா கிடப்பதற்குக் காரணம் இருக்கலாம். சுவிஸ், ஜேர்மனி, ஒஸ்திரியா மூன்றுக்கும் பொதுவான பொடன்சே ஏரியில் 1993 இலிருந்தே எஞ்சின் புகைக்குக் கடுமையான கட்டுப்பாடு. அன்புக்கு நன்றி சொல்லிவிட்டு, அது பெற்றோல் எஞ்சினா என்று முதலில் கேளுங்கள். பெற்றோல் என்றால் மேலே போட்ட கணக்குத்தான்.

ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு எதிராகச் சொல்லப்படுவதில் பாதி நியாயம். பாரம் உண்மைதான்: யமஹா 15 டூ ஸ்ட்ரோக் 36 கிலோ அளவு, ஃபோர் ஸ்ட்ரோக் 44 இலிருந்து 52 கிலோ வரை. இறங்குதுறை இல்லாமல் மணலில் இழுத்து ஏற்றும் முல்லைத்தீவுக் கரையில், ஒவ்வொரு நாளும் எஞ்சினைத் தோளில் வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு அந்த வித்தியாசம் சும்மா இல்லை. மண்ணெண்ணெய் போடவே முடியாது. படகு கவிழ்ந்து எஞ்சின் தண்ணீரில் மூழ்கினால் டூ ஸ்ட்ரோக்கைப் போல் கழுவிக் காயவைத்து ஓட்டவும் முடியாது, உள்ளிருக்கும் ஒயில் முழுவதையும் உடனே மாற்ற வேண்டும். ‘சின்னச் சின்னதாகப் பழுது வரும்’ என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. முதல் இருபது மணித்தியாலத்திலும், பிறகு நூறு நூறு மணித்தியாலத்துக்கு ஒரு முறையும் ஒயில் மாற்றினால் அது நெடுநாள் உழைக்கும். இரணைமாதா நகரிலிருந்து இரணைதீவுப் பக்கம் நண்டுவலைக்குத் தினமும் ஓடுகிறவருக்கு, தூரம் கூடக் கூட ஃபோர் ஸ்ட்ரோக்கின் பக்கம்தான் நியாயம் கூடும். எண்ணெய் விலை மறுபடி 2022 மாதிரி ஆடினாலும் அவர் குறைவாகத்தான் அடிபடுவார்.

களப்பு வேறு விடயம். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் மூன்றும் ஆழம் குறைந்தவை, இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளரும் இடங்கள். காற்றில்லாத காலை நேரத்தில் மண்ணெண்ணெய் எஞ்சின் போன பாதையைப் பாருங்கள். நீலமும் ஊதாவுமாக ஒரு படலம் தண்ணீரில் விரிந்து, கண்டல் வேர் வரை போய் ஒட்டும். எரியாத அந்தக் கால்வாசி அதுதான். வீதியில் டூ ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதியை நிறுத்திய நாடு இது. வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனையும் இருக்கிறது. படகு எஞ்சினுக்கு அப்படி ஒன்றும் இல்லை. சட்டம் வரும் வரை நாங்கள் காத்திருக்க வேண்டுமா? களப்புக்குள் தடி ஊன்றிப் போகக் கூடியவர் ஊன்றியே போகட்டும், எஞ்சின் இல்லாமல் முடியாதவர் சிறிய ஃபோர் ஸ்ட்ரோக் வாங்கட்டும். பற்றரி எஞ்சினும் களப்புக்குப் பொருந்தும். வெளிக்கடலுக்கு இன்னும் இல்லை: 15 குதிரை என்றால் 11 கிலோவாற், பாதி வலுவில் இரண்டு மணித்தியாலம் ஓடவே எழுபது கிலோவுக்கு மேல் பற்றரி வேண்டும்.

ஃபோர் ஸ்ட்ரோக்கைக் கண்டு நம் ஆட்கள் பயப்படுவதற்கு உண்மையான காரணம், திருத்துபவர் பக்கத்தில் இல்லாததுதான். இதைத் தனியாள் தீர்க்க முடியாது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று பத்துப் பேரைச் சேர்த்து ஒரே மாடலாக வாங்கி, இம்பெலர், ஃபில்டர், பிளக் எல்லாவற்றையும் சங்கத்திலேயே வைத்து, ஊர்ப் பொடியன் ஒருவனைப் பயிற்சிக்கு அனுப்பினால் அந்தப் பயம் ஒரு வருடத்தில் போய்விடும். ஆளுக்கொரு பெயரில், ஆளுக்கொரு மலிவு எஞ்சின் வாங்கி வைத்திருக்கும் கரையில் எந்தச் சங்கத்தாலும் சாமான் வைத்திருக்க முடியாது.