தோட்டத்தில் தொடங்கித் தெமெங்கோரில் முடியும் பறவைப் பயணம்

சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் நடத்திவரும் பறவைப் பயணச் சேவையில், செப்டம்பர் இறுதியில் குடும்பத்தோடு கலந்துகொண்டேன். இரண்டு இரவுத் தங்கல், வேன், படகு, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 420 வெள்ளி. வட பேராக்கின் பெலும்-தெமெங்கோர் காடுகளுக்கு ஆள் அழைத்துச் செல்வோர் பலர் உண்டு. ஆனால் அங்குள்ள பறவைகளைத் தமிழில் விளக்கிச் சொல்லும் வழிகாட்டி கிடைப்பது அரிது.

பயணத்தைக் காட்டில் தொடங்காமல் தோட்டத்தில் தொடங்குவதே இச்சேவையின் தனிச்சிறப்பு. முதல் நாள் காலை, செம்பனைத் தோட்டத்து வேலிக்கம்பியில் அமர்ந்திருந்த பழுப்புக் கீச்சானைக் காட்டினார். கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டையும் நுனி வளைந்த தடித்த அலகும் கொண்ட அச்சிறு பறவை, சைபீரியாவிலும் வட சீனாவிலும் கூடுகட்டிக் குஞ்சு பொரித்தபின், அங்கே குளிர் இறங்குமுன் புறப்பட்டு வந்து அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்கள் வரை நம் தோட்டப்புறங்களில் வெட்டுக்கிளி பிடித்துத் தின்று வாழ்கிறது. தகைவிலான்களும் தேன் பருந்துகளும் அப்படியே வடக்கிலிருந்து வருபவை. சுமத்திரா வரை சென்ற பருந்துகள் மார்ச் மாதத்தில் கடலைக் கடந்து போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவான் வழியாகத் திரும்புகின்றன. பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இவ்வளவு தூரத்து விருந்தாளிகள் தங்குவதை என் பிள்ளைகள் அன்றுதான் அறிந்தார்கள்.

கிரீக்கைத் தாண்டிப் பூலாவ் பண்டிங்கில் படகேறியதும் காட்டிலேயே நிலையாக வாழும் பறவைகளின் முறை. பெரிய அலகு கொண்ட காட்டுப் பறவைகளான இருவாச்சிகளில் (hornbill), தீபகற்ப மலேசியாவின் பத்து வகைகளும் இக்காடுகளில் இருக்கின்றன. படகின் எஞ்சினை நிறுத்தச் சொன்ன வழிகாட்டி, “அக்கா, கொஞ்ச நேரம் பேசாம இருங்க, முதல்ல சத்தந்தான் வரும்” என்றார். அப்படியே நடந்தது. பழைய நீராவி ரயில் மூச்சு வாங்குவதைப் போன்ற இறக்கையொலி முதலில் எட்டியது. பறவைகள் பிறகே தெரிந்தன. இறக்கையின் அடிப்புறத்தில் மற்றப் பறவைகளுக்கு உள்ளதுபோல் மூடுசிறகுகள் (பெரிய சிறகுகளின் அடியை மூடும் சிறு இறகுகள்) இல்லாததால் காற்று சிறகுகளின் இடைவெளியில் புகுந்து அவ்வொலியை எழுப்புகிறது என்று விளக்கினார்.

பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இரண்டு இருவாச்சி வகைகளை அவர் பிரித்துக் காட்டிய விதம் மிக நன்று. இரண்டிலும் ஆணின் தொண்டைப் பை மஞ்சள், பெண்ணினுடையது நீலம். பையின் குறுக்கே கறுப்புக் கோடு ஓடினால் அது ஒரு வகை (Wreathed Hornbill). கோடில்லாமல் வெறுமையாக இருந்தால், இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் பெருங்கூட்டமாகத் தெமெங்கோர் வானைக் கடக்கும் மற்றொரு வகை (Plain-pouched Hornbill). அந்தி வேளையில் தலைக்கு மேல் வரிசை வரிசையாக அவை கடந்தபோது, அவற்றின் தொண்டையைப் பார்த்து என் மகளே வகையைச் சொல்லிவிட்டாள்.

தலைக்கவச இருவாச்சியின் குரல் மட்டும் கேட்டது. விட்டுவிட்டு ஒலிக்கும் கூவல் வேகம் பிடித்துப் பெருஞ்சிரிப்பாக முடியும். மாமியார் வீட்டுத் தூண்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் சிரித்த மருமகனே இப்பறவையானான் என்பது மலாய்க் கதை. இதன் அலகின் மேலுள்ள கெட்டியான கொண்டைக்காக வேட்டையாடப்பட்டதால், 2015-இல் மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலுக்குத் தள்ளப்பட்டுவிட்டது என்று வழிகாட்டி சொன்னபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு இரண்டே பைனாகுலர்கள் போதாது. இரண்டாம் நாள் நாசி லெமாக் வந்துசேரும் வரை காத்திருந்து ஒன்பது மணிக்குப் படகெடுத்ததால், பறவைகள் இரை தேடிக் கிளம்பும் விடியற்காலை வீணாயிற்று. பறவைக்காகவே பணம் கட்டியவர்களுக்கு இது பெரிய இழப்பு. தங்குமிடமும் உணவும் குறை சொல்லும்படி இல்லை.

ராயல் பெலும் பூங்காவிற்குள் நுழைய முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும் என்பதால், அடையாள அட்டை நகலைப் பதிவின்போதே கொடுத்துவிடுங்கள். வலசைப் பறவைகளையும் இருவாச்சிக் கூட்டங்களையும் ஒரே பயணத்தில் காண விரும்புவோர் செப்டம்பர் மாதத்தைக் கேட்டு வாங்குங்கள்; விடியற்காலைப் படகு உண்டு என்பதை உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே முன்பணம் கட்டுங்கள்.