கோழித்தோலுக்குக் களிம்பா, லேசரா? மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு கணக்கு

மேல்கையின் வெளிப்பக்கத்தைக் கீழிருந்து மேலாகத் தடவிப் பாருங்கள். உப்புத்தாளைத் தொட்டதுபோல் சொரசொரவென்று இருந்து, மயிர்க்காலுக்கு ஒரு குருணை தட்டுப்பட்டால் அதுதான் கோழித்தோல். டாக்டர்கள் கெரட்டோசிஸ் பிலாரிஸ் என்பார்கள். கெராட்டின் என்ற புரதம் மயிர்க்கால் வாயில் அடைத்துக்கொள்வதால் வருகிறது. பரம்பரையாக வரும், ஒட்டாது, அழுக்காலும் வருவதில்லை. பருவ வயதில் கூடி, வயது ஏற ஏறப் பலருக்குத் தானாகவே தணியும்.

லேசர் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஈப்போவுக்குப் பஸ் ஏறுமுன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்களை உறுத்துவது எது? சொரசொரப்பா, கரும்புள்ளியா, தோலுக்குள் சுருண்டு கிடக்கும் முடியா? மூன்றுக்கும் ஒரே லேசர் கிடையாது. நம் நிறத்தில் பெரும்பாலும் உறுத்துவது கரும்புள்ளி. ஆனால் கிளினிக்கில் போய் ‘பொரிப்பொரியா இருக்கு’ என்றுதான் சொல்கிறோம், அதற்கான சிகிச்சைதான் கிடைக்கிறது.

முதலில் களிம்பு. யூரியா 10 முதல் 20 சதவீதம், அல்லது லாக்டிக் அமிலம் 10 முதல் 12 சதவீதம். 10 சதவீத யூரியா கிரீம் அரசாங்க கிளினிக்கிலேயே எழுதித் தரக்கூடிய மருந்து. பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். குளித்துத் துண்டால் ஒற்றியெடுத்த மூன்று நிமிடத்துக்குள், ஈரம் காயுமுன் பூச வேண்டும். சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். ஒரு மேல்கையின் வெளிப்பக்கத்துக்கு அது போதும். இரண்டு கைக்கும் காலை மாலை என்றால் நாளுக்கு 2 கிராம், 100 கிராம் டியூப் 50 நாள் வரும். ஒரு டியூப் ஆறு மாதம் வந்ததென்றால் நீங்கள் பூசியது போதவில்லை. ‘கிரீம் கேக்கல’ என்பவர்களில் பலரின் கதை இதுதான்.

பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். சவரம் செய்த அன்று லாக்டிக் அமிலம் எரியும், ஒரு நாள் விடுங்கள். வைட்டமின் ஏ வகைக் களிம்பான ட்ரெட்டினோயின் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து, கர்ப்பிணிகளுக்கு ஆகாது. பசார் மாலம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் பெயர் தெரியாத ‘வெள்ளைக் கிரீம்’ வேண்டவே வேண்டாம்: பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்த அழகுப்பொருள்களைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பத் தடை செய்து வருகிறது. பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பதும் கெடுதல்தான். தேய்க்கத் தேய்க்கத் தோல் புண்ணாகும், புண் ஆறும்போது புள்ளி இன்னும் கறுக்கும். தேங்காய் எண்ணெய் தோலை மென்மையாக்கும், அடைப்பைக் கரைக்காது.

இனி லேசர். ஒளியின் அலைநீளத்தை நானோமீட்டரில் சொல்வார்கள். முடி நீக்கப் பயன்படும் 810 நானோமீட்டர் ‘டையோடு’ லேசர் கருவியைத்தான் அதிகம் விளம்பரம் செய்கிறார்கள். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒரு கைக்கு மட்டும் 4, 5 வார இடைவெளியில் மூன்று முறை போட்டு, மறுகையோடு ஒப்பிட்டார்கள். சொரசொரப்பு குறைந்தது, சிவப்பு குறையவில்லை. முடித்தவர்கள் 18 பேர்தான், எல்லாரும் வெளிர் நிறத் தோல்காரர்கள். விளம்பரத்தில் இந்தக் கடைசி வரி இருக்காது. 810இன் ஒளியை முடியின் கருமை ஈர்ப்பதுபோலவே தோலின் கருமையும் ஈர்க்கும். மாநிறத்தைவிடக் கறுத்த தோலானால் கொப்புளமும் தழும்பும் வர வாய்ப்புண்டு.

1064 நானோமீட்டர் என்.டி.யாக் லேசரில் இரண்டு வகை உண்டு, பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்புவார்கள். நீண்ட துடிப்பு வகை ஆழமாகப் போய் முடிவேரைச் சுடும், மேல்தோலின் கருமையை அவ்வளவாகச் சீண்டாது. தோலுக்குள் முடி சுருண்டு கிடப்பவர்களுக்குப் பொருந்துவது இதுதான். கியூ-ஸ்விட்ச் வகையின் துடிப்பு நானோ வினாடிக் கணக்கு. குறைந்த சக்தியில் கரும்புள்ளியை மங்கவைக்கும்.

595இல் வேலை செய்யும் டை லேசர் சிவப்புக்கானது. நம் தோலில் சிவப்பு அதிகம் தெரிவதில்லை, காசு வீண். ஃபிராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு தோலைத் துளையிட்டுப் புதுப்பிக்கும். கறுத்த தோலில் ஒவ்வொரு துளையும் ஒரு கரும்புள்ளியாக மாறக்கூடும் என்பதால் இதைக் கடைசியில்தான் வைக்க வேண்டும்.

லேசர் என்றே முடிவானால், உட்கை அருகே ஒரு சின்ன இடத்தில் சோதனைச் சுடல் கேளுங்கள். மயிர்க்காலைச் சுற்றி லேசாகச் சிவந்து தடித்தால் சரியான அளவு. தோல் சாம்பல் நிறத்துக்கோ வெள்ளைக்கோ மாறினால் சக்தி அதிகம், அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். நான்கு வாரம் பொறுத்துப் பலனைப் பார்த்தபிறகே மீதிக் கைக்குப் போகலாம். முடிவேரைச் சுடும் லேசருக்கு முன் நான்கு வாரம் வாக்ஸ் வேண்டாம், பிடுங்கவும் வேண்டாம். வேர் இல்லாவிட்டால் சுடுவதற்கு ஒன்றும் இல்லை. முதல் நாள் சவரம் மட்டும் போதும்.

செம்பனைக் காட்டிலோ பால்மரத்திலோ வெயிலில் நிற்பவர்களுக்கு இங்கேதான் சிக்கல். வெயிலில் கறுத்த கையில் லேசர் போட்டால் சூடு மேல்தோலிலேயே நின்றுவிடும். முன்னும் பின்னும் நான்கு வாரம் முழுக்கைச் சட்டை, எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன். வியர்வையில் அது கரையும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச முடியாத வேலை என்றால் லேசரைத் தள்ளிப்போடுங்கள். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள். கறுத்துப்போனால் மங்க மாதக்கணக்காகும்.

செலவு ஒரு முறைக்குச் சில நூறு ரிங்கிட், குறைந்தது மூன்று நான்கு முறை, ஒவ்வொன்றுக்கும் ஈப்போ போய்வர ஒரு நாள் சம்பளம். அழகு நிலையத்தில் மலிவாகச் சொல்வார்கள். மலேசியாவில் லேசரைப் பிடிக்க வேண்டியது பதிவுபெற்ற டாக்டர், அவர் பொது மருத்துவரானால் சுகாதார அமைச்சின் எல்.சி.பி. என்ற அனுமதிச் சான்று இருக்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்காவிட்டால் கேட்டுப் பாருங்கள். கேட்பதற்கு முகம் சுளிக்கும் இடத்தில் கையை நீட்டாதீர்கள்.

லேசர் முடிந்தாலும் டியூபைத் தூக்கிப் போடாதீர்கள். கெராட்டின் மறுபடி சேரும், பூசுவதை நிறுத்தினால் சொரசொரப்பு திரும்பிவிடும். பிறகு வாரத்துக்கு மூன்று நாள் பூசினால் போதும்.