டம்பிள்வீட்ஸ் டிவிடி: படம் அருமை, தட்டு சுமார்

கௌபாய் ஊமைப்படம் என்றால் ரயில் கொள்ளையும் டுமீல் டுமீலும்தான் என்று நினைத்துத்தான் இந்த டிவிடியைப் போட்டேன். 1925இல் வந்த படம், வில்லியம் எஸ். ஹார்ட் நாயகனாக நடித்த கடைசிப் படமும் இதுதான். பார்த்தால் கதை மொத்தமும் மேய்ச்சல் நிலத்தைப் பற்றி. காங்கேயம் பக்கம் கொறங்காடும் (வேலி போட்ட மேய்ச்சல் காடு) பட்டி மாடுமாக வளர்ந்தவனுக்கு வேறென்ன வேண்டும்?

1893இல் நடக்கிற கதை. ஓக்லஹோமாவில் செரோக்கி ஸ்ட்ரிப் என்ற பெரும் புல்வெளியில் குத்தகைக்கு மேய்ந்துகொண்டிருந்த மாடுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, நிலத்தை 160 ஏக்கர் துண்டுகளாகப் பிரித்து, முதலில் ஓடிப்போய் இடம் பிடிக்கிறவனுக்கே சொந்தம் என்கிறது அரசாங்கம். (அது செரோக்கி என்ற பூர்வகுடி மக்களின் நிலம். படம் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவே இல்லை, எனக்கு அது உறுத்தியது.) கடைசி மந்தை போவதை மேட்டில் நின்று பார்க்கும் ஹார்ட் தொப்பியைக் கழற்றுகிறார். அதுவரை கட்டிலில் அரைத்தூக்கத்தில் இருந்த எங்கள் அப்புச்சி எழுந்து உட்கார்ந்து, "ஏஞ்சாமி, இத்தன மாட்டையும் எங்க கொண்டுபோயிக் கட்டுவாங்க?" என்றார். எங்கள் கொறங்காட்டின் கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டு சைட்டுக்குக் கல் நட்ட வருஷம், கண்ணபுரம் சந்தைக்கு மாடுகளை ஓட்டிப்போனவர் அவர். நான் பதில் சொல்லவில்லை.

அப்புறம் அந்த ஓட்டம். நண்பகலில் பீரங்கி வெடித்ததும் குதிரை, வண்டி, நடுவில் ஒருவன் பெரிய முன்சக்கர சைக்கிளில் என்று ஒரு கூட்டமே புழுதி கிளப்பிக்கொண்டு பாய்கிறது. கிராபிக்ஸ் கிடையாது, விழுந்தால் நிஜமாகவே அடிபடும், அந்தப் பயம் நமக்கும் தொற்றிக்கொள்கிறது. காதல் காட்சிகளை ஓட்டிவிடலாம், அறுபதை ஒட்டிய ஹார்ட்டுக்கு அது பொருந்தவே இல்லை.

படம் சரி, தட்டுதான் மோசம். ஆன்லைனில் வாங்கியது. பிரிண்ட் கஞ்சி போல வெளுத்துக் கிடக்கிறது, எழுத்து அட்டைகளில் ஓரம் வெட்டுப்படுகிறது, பின்னணிக்கு ஒரே பியானோ மெட்டைச் சுற்றிச் சுற்றிப் போட்டிருக்கிறார்கள், குதிரைகள் பாயும்போதும் அதே தாலாட்டு. சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

ஆனால் தொடக்கத்திலேயே அணைத்துவிடாதீர்கள். 1939இல் மறுபடி வெளியிட்டபோது ஹார்ட் தானே பேசி ஒரு முன்னுரை சேர்த்தார், அது இந்தத் தட்டில் இருக்கிறது. 74 வயதில், கௌபாய் உடுப்போடு நின்று, நாடக மேடைக் குரலில், தன் பழைய குதிரையை நினைத்துத் தழுதழுக்கிறார். வேறு தட்டு வாங்குவதானாலும் அந்த முன்னுரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்புச்சிக்கு ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது, அந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் போடச் சொன்னார்.